பிள்ளைகளை எண்ணும் சர்க்கார்

'குடும்ப நலம்' என்ற பெயர் 1977-க்கு முன்னால் கிடையாது. அதுவரை அந்தத் துறையைக் குடும்பக் கட்டுப்பாடு என்றுதான் சொல்வோம். எமர்ஜென்சி முடிந்து ஜனதா ஆட்சி வந்தபோது, வடக்கே அந்தப் பழைய பெயரைச் சொன்னாலே ஊரே மிரளும் நிலைமை. அதனால் டெல்லியில் பெயரை மாற்றினார்கள். நம் பக்கத்துச் சுவர்களில் சிவப்பு முக்கோணம் அப்படியே இருந்தது. கீழே இருந்த எழுத்து மட்டும் மாறியது. பெயர் மாற்றம் எதற்காக வந்தது என்பதை ஐம்பது வருஷத்தில் நாம் மறந்துவிட்டோம். மறந்தது நல்லதல்ல என்று தோன்றுவதால் இந்தப் பதிவு. வழக்கமாக மழை, பருத்தி, பழைய வாத்தியார்கள் என்று எழுதுகிறவன் அரசியலுக்குள் போகிறேனே என்று நினைக்க வேண்டாம். இதுவும் நம் வீட்டுக் கதைதான்.

சமீபத்தில் டீக்கடை பெஞ்சில் இரண்டு பேச்சு காதில் விழுந்தது. என் வயதுக்காரர் ஒருவர், "எமர்ஜென்சியில கொஞ்சம் கெடுபிடி பண்ணினாங்கதான். ஆனா அதனாலதான அண்ணாச்சி இன்னைக்கு நாம அளவாப் பெத்து நல்லா இருக்கோம்" என்றார். அவருக்கு அடுத்தாற்போல உட்கார்ந்திருந்த இளவட்டம், "அளவாப் பெத்துதான் தாத்தா மோசம் போனோம். வடக்க பெத்துப் போட்டான், எம்.பி. சீட்டு அவனுக்குப் போகுது. நாமளும் மூணு, நாலு பெத்துக்கிடணும்னு சட்டமே போடணும்" என்றான். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் மாதிரிதான் பேசினார்கள். எனக்கென்னவோ இரண்டு பேரும் ஒரே கட்சி என்று பட்டது. ஒருவருக்குக் குறைக்கச் சொல்லும் சர்க்கார் வேண்டும். இன்னொருவனுக்குக் கூட்டச் சொல்லும் சர்க்கார் வேண்டும். வீட்டுக்குள் வந்து பிள்ளைகளை எண்ண சர்க்காருக்கு என்ன உரிமை என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

முதலில் பெரியவருக்குப் பதில்.

1976-ல் நான் இருபத்து நாலு வயசுக் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒருநாள் சைக்ளோஸ்டைல் செய்த தாள் ஒன்று வந்தது. ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் ஒரு எண். கிராம சேவக், பள்ளிக்கூட வாத்தியார், கணக்கப்பிள்ளை என்று எல்லோருக்கும் கோட்டா. ஆபரேஷனுக்கு ஆள் கொண்டுவருவதற்கு 'கேஸ் பிடிப்பது' என்று பெயர். மாசக் கடைசியில் ஒருவரையொருவர் பார்த்து, "உமக்கு எத்தனை கேஸ் ஆச்சு?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆள் கொண்டுவராவிட்டால் இன்கிரிமென்ட் நிற்கும் என்று வாயால்தான் சொன்னார்கள்; எழுத்தில் ஒருநாளும் வராது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சின்னப் பையன் என்று என் கோட்டாவை மூத்த எழுத்தர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் பாவம், பி.பி. மாத்திரை போட ஆரம்பித்ததே அந்த வருஷம்தான்.

அப்படிப் பிடித்து வந்தவர்களில் ஒருவரை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர். அறுபது தாண்டியிருக்கும். சம்சாரம் செத்துப் பத்து வருஷம். அவருக்கு எதற்குக் குடும்பக் கட்டுப்பாடு? ஆனால் பட்டியலில் அவர் ஒரு எண். ரூபாயும் கிடைக்கும், சாப்பாடும் உண்டு என்று கூட்டி வந்திருந்தார்கள். அந்த வருஷம் மழை இல்லை. கரிசலில் மழை இல்லாத வருஷம் ரொக்கம் என்றால் மனுஷன் எதற்கும் தலையாட்டுவான். அவர் சம்மதித்துக் கைநாட்டு வைத்தார் என்றுதான் ரிஜிஸ்தரில் இருக்கும்.

நம் பக்கம் டெல்லி அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. டெல்லி துர்க்மான் கேட்டில் 1976 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடே நடந்தது. அதே வருஷம் ஹரியானாவில் உத்தாவர் என்ற ஊரைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு விசாரித்த ஷா கமிஷன் முன்னால், ஆபரேஷன் தொடர்பான 1,774 சாவுகள் கணக்கில் வந்தன. கல்யாணமே ஆகாதவர்களுக்குச் செய்ததாக 548 புகார்கள். இதெல்லாம் நடந்த நாளில் ஒரு பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை, தணிக்கை. நம் மாநிலத்திலோ 1976 ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். கேள்வி கேட்கச் சட்டசபை இல்லை. அந்த ஆண்டு தமிழ்நாடும் தனக்குக் கொடுத்த இலக்கைத் தாண்டியது.

பேப்பரும் சட்டசபையும் திறந்திருந்தால் அந்தக் கோட்டாத் தாள் ஒரு வாரம் தாங்கியிருக்காது. மனிதர்களின் உடம்பில் கணக்கு எழுத வேண்டுமென்றால் முதலில் அவர்கள் வாயை மூட வேண்டும். குடும்பக் கொள்கையையும் சர்வாதிகாரத்தையும் சேர்த்துப் பேசுகிறேனே, அதற்குக் காரணம் இதுதான்.

சரி, கெடுபிடியால் பலன் கிடைத்ததா? 1976-77-ல் நாடு முழுக்க 82 லட்சம் பேருக்கு ஆபரேஷன் நடந்தது. அதில் முக்கால்வாசி ஆண்கள். அடுத்த வருஷம் மொத்தமே பத்து லட்சத்தைத் தொடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 85, பீகாரில் 54 தொகுதி, எல்லாவற்றிலும் காங்கிரஸ் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதைப் பார்த்த எந்தக் கட்சிக்காரனும் அதற்குப் பிறகு ஆண்களிடம் அந்தப் பேச்சை எடுக்கவே பயந்தான். பாரம் முழுக்கப் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 38 பேர், ஆண்கள் நூற்றுக்கு அரை ஆள்கூட இல்லை, 0.3. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சின்ன ஆபரேஷன், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கத்து முகாம் ஒன்றில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். எமர்ஜென்சி போய் முப்பத்தேழு வருஷம் கழித்து! அந்தக் கோட்டா புத்தி எங்கே போயிற்று?

வடக்கே கெடுபிடி அதிகம், பிள்ளை குறையவில்லை. தெற்கே கெடுபிடி குறைவு, பிள்ளை குறைந்தது. பெரியவர் சொல்வது சரியென்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

எங்கள் அம்மாவுக்கு ஒன்பது பிரசவம், நின்றது நாலு. அந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும் இப்படி இரண்டு எண் சொல்வார்கள்: பெற்றது இத்தனை, நின்றது இத்தனை. அஞ்சு சாகும் என்று தெரிந்தவளிடம் இரண்டோடு நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவாள்? அப்புறம் எங்கள் வட்டாரத்துக்கென்றே இன்னொரு விஷயம் உண்டு. விடியக் காலம் நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அரைத் தூக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று கொண்டுபோய்க் கட்டையில் குச்சி அடுக்கவும் லேபிள் ஒட்டவும் உட்கார வைத்தால் ராத்திரிதான் திரும்பும். எட்டு வயசுப் பிள்ளை வாரச் சம்பளம் கொண்டுவருகிற வீட்டில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதினால் யார் காதில் ஏறும்?

அந்தப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனதுதான் எங்கள் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பிள்ளைப்பேறு குறையும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மத்தியானம் ஒருவேளைச் சோறு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சோற்றுக்காக ஐந்தாம் வகுப்போடு நிற்க வேண்டிய பொண்ணு எட்டு வரை வந்தாள். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது படித்திருந்தால் ஐயாயிரம் என்றார்கள். அந்த ஐயாயிரத்துக்காகவே எட்டாவது முடிக்கவைத்த அப்பாக்களை எனக்குத் தெரியும். கிராமத்து நர்ஸம்மா சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து தடுப்பூசி போட்டார். பெற்றது எல்லாம் நிற்க ஆரம்பித்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, மெஷினும் வந்தது, நாலு மணிப் பஸ் மெல்ல மெல்ல நின்றது. யாரும் கையைப் பிடித்து இழுக்காமலே பொம்பளைகள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 1990-களின் நடுவிலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 2020 கணக்குப்படி 1.4. பீகாரில் அப்போதும் 3.

நம்மவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. பிரசவ வார்டில் இரண்டாவது பிள்ளையின் அழுகைச் சத்தம் அடங்குமுன் "ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?" என்று அந்த வலியிலேயே கேட்டதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு போதும், ஆனால் அதில் ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் பெண் சிசுக்கள் போனதும், அதற்காக 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததும் நம் மாநிலத்தில்தான். எண்ணிக்கை ஒன்றையே பிடித்துத் தொங்கினால் இப்படியும் ஆகும்.

இந்த இடத்தில் பெரியாரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1920-களின் கடைசியில் சென்னையில் நீதிபதிகளும் வக்கீல்களும் சேர்ந்து கர்ப்பத்தடைக்கு லீக் நடத்தினார்கள். அவர்கள் கவலை நாட்டின் வறுமை, ஜனப்பெருக்கம். பெரியாரும் கர்ப்பத்தடை வேண்டும் என்றார், ஆனால் காரணம் வேறு. பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதற்காக என்றார். அப்போது பார்த்தால் இரண்டு கட்சியும் ஒன்றையே கேட்டதுபோல் இருந்திருக்கும். ஆனால் நாட்டுக்காக என்று ஆரம்பித்தால், நாட்டுக்கு நாளை வேறு தேவை வந்தால் அவளிடம் வேறு கேட்கலாம். அவளுக்காக என்று ஆரம்பித்தால் அப்படிக் கேட்க முடியாது.

நாடு இப்போது வேறுதான் கேட்கிறது. அதுதான் டீக்கடை இளவட்டத்தின் கட்சி. 2019 சுதந்திர தின உரையில் பிரதமர், சின்னக் குடும்பம் வைத்திருப்பதும் தேசபக்திதான் என்ற பொருளில் பேசினார். 2021-ல் உத்தரப் பிரதேசச் சட்டக் கமிஷன் ஒரு வரைவு வெளியிட்டது: இரண்டுக்கு மேல் பெற்றால் சர்க்கார் வேலை இல்லை, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. 2024 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், பிறப்பு விகிதம் 2.1-க்குக் கீழே போனால் சமுதாயமே அழியும், இரண்டுக்கு மேல், மூன்று வேண்டும் என்றார். ஐந்து வருஷத்துக்குள் எங்கிருந்து எங்கே! யார் பெற வேண்டும், யார் பெறக்கூடாது என்று அவரவர் மனசில் ஒரு பட்டியல் இருப்பதால்தான் இரண்டும் ஒரே காலத்தில் பேச முடிகிறது.

ஆந்திராவில் நடந்தது இதைவிட வேடிக்கை. 1994 முதல் அங்கே ஒரு சட்டம். இரண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது. ஹரியானாவின் இதே மாதிரிச் சட்டத்தை 2003-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. இந்தச் சட்டங்களால் என்ன ஆயிற்று என்று நிர்மலா புச் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஐந்து மாநிலங்களில் ஆராய்ந்தார். பதவிக்காக மனைவியைத் தள்ளிவைத்தவன், மூன்றாவது பிள்ளையைத் தத்துக் கொடுத்தவன், கருவைக் கலைக்கச் சொன்னவன் என்று வரிசையாக வந்தது. ஆந்திரச் சட்டத்தை 2024 நவம்பரில் ரத்து செய்தார்கள். நல்லது. ஆனால் அதற்கு முந்தின மாசம்தான் முதல்வர் சந்திரபாபு நாயுடு, இரண்டுக்கு மேல் இருப்பவர்கள்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவரலாமா என யோசிப்பதாகச் சொல்லியிருந்தார். நேற்று வரை மூன்று பெற்றவளுக்கு இல்லாத நாற்காலி, நாளை மூன்று பெறாதவளுக்கு இல்லை. பஞ்சாயத்துத் தலைவி தெருவிளக்கு போடுவாளா, தண்ணீர் கொண்டுவருவாளா என்று கேட்க அங்கே யாருமில்லை.

நம் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் 2024 அக்டோபரில் ஒரு கல்யாண விழாவில் பதினாறு பெற வேண்டிய நிலை வந்துவிட்டதோ என்று கேட்டார். கேலியாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் புதுமணத் தம்பதிகளிடம், முன்பு நிதானமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதில் கேலி குறைந்துவிட்டது. அவர் கவலை தொகுதி மறுவரையறை. அந்தக் கவலை நியாயமானது. அதில் எனக்கு அவரோடு தகராறு இல்லை. ஆனால் அதைக் கல்யாணப் பந்தலில் மணப்பெண்ணிடம் சொல்லக்கூடாது.

என் அக்கா பேரன் ஒருவன் போலந்தில் ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறான். அங்கே பிள்ளை பெற்றால் சர்க்கார் மாசாமாசம் பணம் தரும் என்று ஒருநாள் போனில் சொன்னான். அதிலிருந்து அந்த நாட்டுச் செய்தி வந்தால் உற்றுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 2015-ல் அங்கே ஆட்சிக்கு வந்த 'சட்டமும் நீதியும்' என்ற கட்சி, 2016 ஏப்ரலில் இரண்டாவது பிள்ளையிலிருந்து தலைக்கு மாசம் 500 ஸ்வாட்டி கொடுத்தது. 2019-ல் முதல் பிள்ளைக்கும் விரித்தது. ஏழைக் குழந்தைகளின் பசி குறைந்தது; அதை மறைக்கக்கூடாது, நல்ல உதவிதான். ஆனால் அதே ஆட்சி அதே மாசங்களில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தன் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மாசப்பணம் வந்துகொண்டிருந்தபோது நீதிபதி மாறுவதைப் பற்றி எத்தனை பேர் கவலைப்படுவார்கள்? அந்த நீதிமன்றம் 2020 அக்டோபரில், குறையுள்ள கருவைக்கூடக் கலைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தபோதுதான் பெண்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 2023 தேர்தலில் 74 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு அந்தக் கட்சி பெரும்பான்மை இழந்தது. பிள்ளை கூடியதா? இரண்டு வருஷம் கொஞ்சம் ஏறியது. 2024-ல் சராசரி 1.1-க்கு வந்துவிட்டது, திட்டம் தொடங்கும்போது இருந்ததைவிடக் கீழே.

ஹங்கேரி இன்னும் பச்சை. அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பான் 2014-ல் தாங்கள் கட்டுவது லிபரல் அல்லாத அரசு என்று மேடையிலேயே சொன்னவர். ஓட்டு இருக்கும், கேட்கிற வாய் இருக்காது என்று நம் பாஷையில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் அவர் தம்பதிகளுக்கு ஒரு கோடி ஃபோரின்ட் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தார். ஐந்து வருஷத்துக்குள் பிள்ளை பிறக்காவிட்டால் வட்டி போடுவார்கள். மூன்றாவது பிறந்தால் கடனே தள்ளுபடி. நாலு பெற்ற தாய்க்கு ஆயுசுக்கும் வருமான வரி இல்லை. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், சம்பள வேலை இருக்க வேண்டும் என்று ஷரத்துகள் வேறு. சம்பள வேலை கிடைக்காத ரோமா இனத்து ஏழைகளுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை. யார் பெற வேண்டும் என்ற அந்தப் பட்டியல் அங்கேயும் இருக்கிறது, வட்டி விகிதத்துக்குள் ஒளிந்துகொண்டு. பயிர்க்கடன் வாங்கிப் பழகிய கரிசல்காரனுக்கு, தவணைக்குள் பிள்ளை பெறாவிட்டால் வட்டி என்பது புரியாமலா போகும்!

ருமேனியாவில் சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்து, தொழிற்சாலைப் பெண்களுக்கு மருத்துவச் சோதனை வைத்தார். அடுத்த வருஷமே பிறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சில வருஷத்தில் இறங்கவும் இறங்கியது. கள்ளத்தனமாகக் கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். 1989-ல் அவரைத் தள்ளிவிட்டு வந்தவர்கள் முதல் வேலையாக ரத்து செய்தவற்றில் அந்தச் சட்டமும் ஒன்று.

இனி தொகுதி விஷயம். இளவட்டம் கேட்டதில் பாதி நியாயம் என்று சொன்னேன் அல்லவா? 1976 ஏப்ரல் 16-ல் வந்த தேசிய மக்கள்தொகைக் கொள்கை என்ற அதே காகிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. மாநிலங்கள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட விரும்பினால் போடலாம் என்பது ஒன்று. பிள்ளைகளைக் குறைக்கும் மாநிலத்துக்கு எம்.பி. எண்ணிக்கை குறையாமல் இருக்க, 1971 கணக்கையே 2001 வரை வைத்துக்கொள்வோம் என்பது இன்னொன்று. இரண்டாவது, 42-வது திருத்தமாக அரசியல் சாசனத்தில் ஏறியது. பிறகு வாஜ்பாய் காலத்தில் 84-வது திருத்தத்தால் 2026 வரை நீண்டது. நாம் இன்று நெஞ்சில் கட்டிப்பிடித்திருக்கும் பாதுகாப்பு எமர்ஜென்சிக் காகிதத்தில் பிறந்தது என்பது எனக்கே கசப்பான சங்கதிதான். அதற்கும் முன்னால் நமக்கு 41 எம்.பி. இருந்தது; 1967 தேர்தலில் 39 ஆனது. அந்த இழப்பைப் பற்றி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக்கு ஏன் 5,600 கோடி ரூபாய் ஈடு கொடுக்கக்கூடாது என்றுகூடக் கேட்டது.

ஆகவே சண்டை இருக்கிறது, போட வேண்டியதுதான். ஆனால் அதை டெல்லியில், சாசனத்தை வைத்து, நிதிக் கமிஷனை வைத்துப் போட வேண்டும். இன்றைக்குப் பிறக்கும் பிள்ளை ஓட்டுப் போடப் பதினெட்டு வருஷம் ஆகும். பீகாரைப் பிள்ளையில் ஜெயிக்க நம் பேத்திகளை அனுப்ப முடியாது. என் மகளுக்கு ஒரு பொண்ணுதான். அவள் கம்பெனியில் பிரசவ விடுப்பு முடிந்து போனபோது இருந்த நாற்காலி வேறு ஆளுக்குப் போயிருந்தது. இரண்டாவது வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். அவளிடம் எந்த முதல்வரும் கேட்க வேண்டியது எத்தனை என்பதல்ல.

சர்க்கார் உத்தரவுகளில் இந்த எண்ணும் பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கு உதாரணம். முதல் கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகள். அந்தக் கல்யாணம் முறிந்தது. மறுமணம் செய்து ஒரு குழந்தை. இரண்டுக்கு மேல் விடுப்பு இல்லை என்று விதியைக் காட்டி மறுத்தார்கள். உயர் நீதிமன்ற அமர்வும் அதையே சொன்னது. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம், பிரசவ விடுப்பு தாயின் உரிமை, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்காக அதை மறுக்க முடியாது என்று தீர்த்தது. மேடையில் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், கோப்பில் மூன்றாவதுக்கு விடுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிக்கொண்டிருந்தது நம் சர்க்கார். யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். எண்ணிப் பழகிய கை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

பென்ஷன் வாங்குகிற நம் வயதுக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, எண்பது வயசு. அஞ்சு பெற்றவர், அஞ்சும் நின்றது. மூன்று பேர் திருப்பூரில், ஒருவர் சென்னையில், ஒரு மகள் தூத்துக்குடியில் வாடகை வீட்டில். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பாடே பெரும்பாடு. முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுத்தார். விசாரித்தவர், "அஞ்சு பிள்ளை இருக்கு, நீங்க எப்படிம்மா ஆதரவற்றவர்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி நேற்று சாயங்காலம் என் திண்ணைக்கு வந்தார். பெயர், வயது, கதவு எண் எல்லாம் எழுதியாயிற்று. பிள்ளைகள் எத்தனை என்ற இடம் வந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல என்னய்யா போடணும், நீயே பாத்துப் போடு" என்றார்.